பாதிப் பொறுப்பு

ஹார்ஷம்
12 மார்ச் 2008

அன்புள்ள நெவில்,

போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். இந்த வயதில் உனக்குக் கடிதம் எழுத வைத்துவிட்டாய்.

உன் ரிமோட் விமானம் மோதித் தோள் எலும்பு முறிந்த க்விக்லி அம்மாளை மருத்துவமனையில் பார்த்தேன். பாவம், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவள். "என் கேக் டப்பாவும் நசுங்கிப்போச்சு" என்று சிரிக்கிறாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

கிளப் விதிப்படி ஓட்டுகிறவன்தான் பொறுப்பாம். பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்கிறவனுக்கு ஒன்றுமில்லையாம். இது என்ன நியாயம்? உனக்குப் பார்வை மங்கியதிலிருந்து மூன்று வருஷமாக உன் கண் நான்தானே. நான் "தூக்கு" என்றால்தான் தூக்குவாய். அன்றைக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்துவிட்டேன். பாதிப் பொறுப்பு என்னுடையது. கமிட்டியில் சொல்லத்தான் போகிறேன்.

உன்
க்ளைவ்


பண்ணை வீடு
15 மார்ச்

அன்புள்ள க்ளைவ்,

தயவுசெய்து வாயை மூடிக்கொண்டிரு. கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மனிதன் தப்பு செய்வான் என்றுதானே கிளப்பில் எல்லோரும் சேர்ந்து இன்சூரன்ஸ் கட்டுகிறோம். அந்த அம்மாளுக்கு அவர்கள் கொடுத்துவிடுவார்கள். என் கண்ணைப் பற்றி மட்டும் பேசாதே. ஏன் என்றும் கேட்காதே.

இங்கே மழையே இல்லை. உன்னைக் காணாமல் நாய் வாசலிலேயே கிடக்கிறது. மூடிவைத்த மைதானத்தைத் திறந்ததும் பிளாஸ்கோடு வந்து சேர்.

நெவில்


ஹார்ஷம்
20 மார்ச்

அன்புள்ள நெவில்,

சொல்லிவிட்டேன். "அவனுக்கு வேலியைத் தாண்டி ஒண்ணும் தெரியாது. கை அவனோடது, கண்ணு என்னோடது. என் பேரையும் சேர்த்துப் போடுங்க" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேறு சொன்னேன்.

தலைவி க்ளெனிஸ் முகம் வெளுத்துவிட்டது. "என்ன காரியம் பண்ணிட்டீங்க க்ளைவ்? கண்ணு தெரியாதவர் ஓட்டினார்னா இன்சூரன்ஸ்ல ஒரு சென்ட்கூடத் தரமாட்டாங்க. எல்லாம் நெவில் தலையிலதான் விடியும்" என்றாள்.

எனக்கு இது தெரியாதப்பா. கூட நிற்கிறேன் என்று போய் உன் வீட்டுக்கே உலை வைத்துவிட்டேன். என் கேரவனை விற்று என் பாதியைத் தருகிறேன். கட்டியவள் மோரீனே போய்ச் சேர்ந்த பிறகு அதில் யார் ஊர் சுற்றப்போகிறார்கள்? திட்டியாவது ஒரு வரி எழுது.

க்ளைவ்


பண்ணை வீடு
3 ஏப்ரல்

அன்புள்ள க்ளைவ்,

கேரவனை விற்காதே. கமிட்டி என்னைக் கண் டாக்டரிடம் அனுப்பியது. எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படித்தேன். "இந்த வயசுல இப்படி ஒரு கண்ணா?" என்றாள் அந்த டாக்டர். இன்சூரன்ஸ் கிடைத்துவிடும்.

இனி மறைத்துப் பயனில்லை. மோரீன் இறந்த பிறகு நீ கதவையே திறக்கவில்லை. சும்மா வாடா என்றால் வரமாட்டாய், உதவி என்றால் ஓடி வருவாய். அதனால்தான் கண் தெரியவில்லை என்றேன். வந்தாய். அப்புறம் எப்படி நிறுத்துவது என்று எனக்குப் புரியவில்லை. இறக்கை சாய்வது எனக்குத் தெரியும்; நீ சொல்லட்டும் என்று காத்திருப்பேன். அன்றைக்கும் அந்தப் பழக்கத்தில் காத்திருந்துவிட்டேன்.

அதனால் பொறுப்பு முழுக்க என்னுடையது. உனக்கு அதில் பங்கே இல்லை, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. 13ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மைதானம் திறக்கிறார்கள். வந்துவிடு.

உன்
நெவில்


ஹார்ஷம்
14 ஏப்ரல்

நெவில்,

கோபமாக எழுத உட்கார்ந்தேன். கோபம் வரவில்லை. ஒருத்தனுக்கு நான் வேண்டியிருக்கிறது என்றுதான் மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் எழுந்து முகம் மழித்தேன். பொறுப்பில் பாதி கேட்டதும் அதனால்தான். அதுவும் எனக்கில்லை என்றுவிட்டாய்.

நேற்று வந்தேன். வேலிக்கு வெளியே சாலையோரம் வண்டியை நிறுத்தியிருந்தேன். உன் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி விரித்து வைத்திருந்தாய். இனி அதைத் தூக்கி வராதே, உன் முதுகு தாங்காது. பிளாஸ்க் என் மடியில்தான் இருந்தது. இறங்க முடியவில்லை.

காற்று திசை மாறியது. விமானம் வலப்பக்கம் சாய்ந்தது. "இடது பக்கம் திருப்புப்பா நெவ்" என்று, கண்ணாடியை ஏற்றி மூடிய வண்டிக்குள்ளிருந்தே சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அது திரும்பியிருந்தது.

க்ளைவ்