வயிற்றிலும் உண்டு ஒரு பைபாஸ்

என் அன்புக்கும் அச்சத்துக்கும் என்றும் உரிய பாக்கியம் அக்காவுக்கு,

உன் மகள் மீனா நலம். உன் பேத்தியும் நலம். முறைப்படி கடைசியில் வரவேண்டிய செய்தியை முதலிலேயே சொல்லிவிட்டேன். உனக்குக் காத்திருக்கத் தெரியாது. "தீர்ப்ப மொதல்ல சொல்லுலே, வாதத்த பொறவு கேட்டுக்கிடுதேன்" என்பாய்.

நாலு பேர் படிக்கும் இடத்தில் இதை எழுத மீனாவிடம் சம்மதம் கேட்டேன். "என் பேரப் போட்டே எழுதுங்க மாமா. பழைய போட்டோ மட்டும் வேண்டாம்" என்றாள். சற்று நேரம் கழித்து அவளே வந்து, "அதையும் போடுங்க, எனக்கென்ன" என்றாள். அந்த இரண்டாவது பேச்சை நீ கேட்டிருக்க வேண்டும்.

நீ இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய காலத்தில் உன் உடம்புக்கு எந்த மருத்துவர் என்ன சொன்னார் என்று நினைத்துப் பார்க்கிறேன். முழங்கால் வலித்தால் எடை. மூச்சு வாங்கினால் எடை. "பல்லு வலிக்குனு போனாக்கூட எடையக் குறைங்க டீச்சர்ங்கான்லே" என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். விசாரணையே இல்லாமல் எல்லா வழக்குக்கும் ஒரே தீர்ப்பு. கடைசி ஆண்டில் நாற்காலியில் சாய்ந்துதான் உன்னால் தூங்க முடிந்தது. திருநெல்வேலியில் ஒரு மருத்துவர்தான் முதன்முதலாக உன் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையைப் பற்றி யோசியுங்கள் என்றார். நாம் யோசித்து முடிப்பதற்குள் உன் இதயம் நின்றுவிட்டது.

உன் உடல்வாகு அப்படியே மீனாவுக்கு. அதே குறட்டை, அதே சர்க்கரை, இளம் வயதிலேயே. உன் காரியங்கள் முடிந்த கையோடு, அத்தானையும் என்னையும் உட்காரவைத்து, "அம்மாவுக்குச் சொன்ன ஆபரேஷன நான் பண்ணிக்கிடுதேன்" என்றாள். அத்தான் என்னைப் பார்த்தார். "மாப்ள, நீ என்ன சொல்லுத?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அத்தானின் தங்கை செண்பகம் முந்திக்கொண்டாள்.

"சாப்பாட்டக் கொறைக்கதுக்கு வயித்த அறுக்கணுமா? வாய மூடினா போதாதா?"

"மூடுததுனா எல்லாருமா சேந்து மூடுவோம் அத்த" என்றாள் மீனா.

உன் குரல் அக்கா. அப்படியே உன் குரல்.

திருநெல்வேலி மருத்துவரிடம் நான் கேட்ட கேள்விகளைக் கேட்டு, "சார், இது குறுக்கு விசாரணையா?" என்று அவர் சிரித்தார். ஆனால் பொறுமையாக விளக்கினார். இரைப்பையை ஒரு சிறு பையாகத் தைத்துவிட்டு, குடலில் ஒரு குறுக்குப் பாதை போடுவார்களாம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பைபாஸ். முடி உதிரலாம், இரத்தம் குறையலாம், பித்தப்பையில் கல் வரலாம், இனிப்பு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், சத்து மாத்திரைகளை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக ஒன்றை அழுத்திச் சொன்னார். உடம்பு மெலிந்த பிறகு, மாற்றிவைத்த குடலுக்கு இடையே சந்து விழக்கூடும். அதற்குள் குடல் நழுவி முறுக்கிக்கொள்ளக்கூடும். வருடங்கள் கழித்தும் வரலாம், கர்ப்ப காலத்தில் வர வாய்ப்பு அதிகம். "வயித்து வலின்னு எங்க போனாலும், முதல் வார்த்தை இந்த ஆபரேஷனப் பத்தித்தான் இருக்கணும்" என்றார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அடுத்த மாதங்களை எப்படிச் சொல்வேன்? சர்க்கரை மாத்திரை நின்றது. குறட்டை நின்றது, அத்தான் பயந்துபோய், மகள் மூச்சுவிடுகிறாளா என்று எழுந்து போய்ப் பார்த்தார். கூடவே முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. இலஞ்சியில் ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ ஆசையாக ஊற்றிய பாயசத்தைக் குடித்துவிட்டு, வேர்த்து, நெஞ்சு படபடத்து, மண்டபத்து அறையில் சுருண்டு படுத்தாள். செண்பகம் கண்ணேறு கழித்தாள். மெலிந்தவளைப் பார்த்து ஊர் மகிழவில்லை, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "என்ன சீக்குனு எங்ககிட்டயாவது சொல்லப்பிடாதா?" என்று துக்கம் விசாரித்தது. குண்டாக இருந்தபோது எல்லா நோய்க்கும் காரணம் சொன்னவர்கள், இளைத்ததும் காரணத்துக்கு ஒரு நோய் தேடினார்கள்.

இவ்வளவுக்கும் நடுவே அந்தச் சாரல் காலத்தில் பழைய குற்றாலத்துப் படிகளை நிற்காமல் இறங்கி, குளித்துவிட்டு, நிற்காமல் ஏறி வந்தாள். நான் பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். "எடையக் குறைங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள்.

பிறகு பாவூர்சத்திரத்திலிருந்து சம்பந்தம் வந்தது. காய்கறிச் சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் குடும்பம். பையன் முருகேசன். அறுவை சிகிச்சையைப் பற்றி மூச்சுவிடக் கூடாது, நடந்து இளைத்தாள் என்று சொல்லிவிடலாம் என்பது வீட்டாரின் ஒருமித்த கருத்து. நான் உடன்படவில்லை. "நிலத்தை விற்கும்போதே வில்லங்கத்தைச் சொல்லியாக வேண்டும்" என்றேன்.

மீனா எழுந்து நின்றுவிட்டாள். "நான் என்ன வில்லங்கச் சொத்தா மாமா?"

உவமையை அந்த இடத்திலேயே திரும்பப் பெற்றுக்கொண்டேன். "நீங்க சொல்லாண்டாம், நானே சொல்லுதேன்" என்றாள். சொல்லவும் செய்தாள். பெண் பார்க்க வந்த அன்று, காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் தாயார் இசக்கியம்மாளை நேராகப் பார்த்து, "எனக்கு பைபாஸ் பண்ணிருக்கு அத்த" என்றாள்.

இசக்கியம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "ஏ முருகா! இந்த வயசுலயே இருதயத்துல அடைப்பா?"

"நெஞ்சுல இல்ல அத்த, வயித்துல."

"வயித்துல எங்கன உள்ளது பைபாஸு? ரோட்டுல உண்டும், நெஞ்சுல உண்டும். வயித்துலயுமா?"

கூடத்தில் முதலில் சிரித்தது முருகேசன். பிறகு எல்லாருமே சிரித்தோம். மீனா ஒரு தாளில் குடலை வரைந்து காட்டினாள். இசக்கியம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேள்வி கேட்டார், நான் மருத்துவரிடம் கேட்டதைவிடக் கூடுதலாகவே. "கொழந்த பெறலாமா?" என்பதும் அதில் ஒன்று. பெறலாம், கொஞ்ச காலம் பொறுத்துப் பெறச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள் மீனா. கடைசியில் அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "வக்கீல் அண்ணாச்சி, இவளுக்கு எலையில எவ்வளவு வைக்கணும், அத மட்டும் சொல்லிருங்க" என்றார். அவ்வளவுதான் நிச்சயதார்த்தம்.

இனி நான் எழுதப்போவதைப் படிக்கும்போது, முதல் வரியை மறந்துவிடாதே அக்கா. இருவரும் நலம்.

கல்யாணம் முடிந்து, சொன்ன காலம் பொறுத்து, மீனா கருவுற்ற எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து மீனா நம் குத்துக்கல்வலசை வீட்டுக்கு வந்திருந்தாள். மருமகளைப் பார்க்க இசக்கியம்மாளும் வந்திருந்த ஒரு மதியம். சாப்பிட்ட சற்று நேரத்தில் மேல்வயிற்றில் வலி. முதுகுக்குப் பாய்ந்தது, விட்டது, மறுபடி வந்தது. பிறகு வாந்தி.

"சூட்டு வலிதான். தொப்புளச் சுத்தி வெளக்கெண்ணெய தடவி, சீரகத் தண்ணியக் குடு" என்றாள் செண்பகம். அவள் கெட்டவள் இல்லை. மூன்று பிள்ளை பெற்றவள், தான் அறிந்ததைச் சொன்னாள். எண்ணெயும் கையுமாக அருகில் வந்துவிட்டாள்.

மீனா என் கையைப் பிடித்தாள். "மாமா, இது சூட்டு வலி இல்ல. எனக்குத் தெரியுது."

தென்காசியில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அவசரப் பிரிவில் நின்று நான் முறையாகத் தொடங்கினேன்: பெயர், வயது, கணவர் பெயர், முன்னர் செய்யப்பட்ட சிகிச்சையின் தன்மை... "பைபாஸ்" என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததுதான் தாமதம், அங்கே இருந்த நர்ஸ், "நெஞ்சு வலியா? இ.சி.ஜி. எடுங்க!" என்று உள்ளே குரல் கொடுத்தார். நான் திருத்தி விளக்க முற்பட்டேன். என் வாக்கியம் எப்போதும்போல் நீளம்.

"முன்னுரை படிக்காதிய அண்ணாச்சி, தள்ளுங்க!" இசக்கியம்மாள் என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "எம்மா, நெஞ்சுல இல்ல, வயித்துல! கொடல மாத்தி வச்சிருக்கு. அது சந்துக்குள்ள மாட்டிக்கிடும்னு சொல்லிருக்காவ. புள்ள வலியும் இல்ல, சூட்டு வலியும் இல்ல. பெரிய டாக்டரக் கூப்பிடுங்க. ஆபரேஷன் பண்ணுனவருக்குப் போனப் போடுங்க!"

மருத்துவர் வந்தார். திருநெல்வேலி மருத்துவரிடம் போனில் பேசினார். பேசி முடித்தபோது அவர் முகம் மாறியிருந்தது. உடனே ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு.

பாவூர்சத்திரத்தில் சாலையோரம் முருகேசன் நின்றிருந்தார். சட்டை முழுக்க வெங்காயச் சருகு. வண்டி நிற்பதற்குள் ஏறிவிட்டார். மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். அறுவை அரங்கின் வாசலில் மருத்துவரை மறித்தார். "ரெண்டு பேரும் வேணும் டாக்டர்."

"அதுக்குத்தான் உள்ள போறேன்" என்றார் மருத்துவர்.

அந்த நேரத்தை நான் விவரிக்கப்போவதில்லை. வாதாட யாரும் இல்லாத இடத்தில் என்னைப் போன்றவன் எதற்கு ஆவான்? அத்தான் உன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். செண்பகம் இசக்கியம்மாளின் தோளில் சாய்ந்து அழுதாள்.

மருத்துவர் வெளியே வந்தபோது முகமூடிக்கு மேலேயே சிரிப்பு தெரிந்தது. சந்துக்குள் நழுவிய குடல் கருநீலமாகிக் கிடந்ததாம். எடுத்து நேராக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்களாம். கண்ணெதிரிலேயே மெல்ல மெல்லச் சிவந்ததாம். ஒரு துண்டுகூட வெட்டவில்லை. சந்தை அடைத்துவிட்டார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு சீராக இருந்தது. "வீட்ல வச்சுப் பாத்திருந்தா நான் வேற மாதிரி பேசிட்டிருப்பேன். முதல்ல சொன்னது யாரு?" என்று கேட்டார்.

நாங்கள் எல்லாரும் இசக்கியம்மாளைக் காட்டினோம். அவர் மீனா இருந்த அறையைக் காட்டினார். "அவதான் வலியச் சொன்னா. நான் சத்தம் மட்டுந்தான் போட்டேன்."

மாதம் நிறைந்து, பெண் குழந்தை பிறந்தது. பாக்கியம் என்று பெயர் வைத்தது நாங்கள் இல்லை, அதுவும் சம்பந்தியம்மாதான். இலஞ்சிக் குமரன் சன்னிதியில் போன வாரம் சோறு ஊட்டினோம். முதல் வாயை உள்ளே தள்ளினாள், இரண்டாவதை என் வெள்ளைச் சட்டையில் துப்பினாள். மேல்முறையீடு செய்ய இடமே கொடுக்கவில்லை.

எல்லாருக்கும் இதுவே வழி என்று நான் எழுதமாட்டேன். மீனாவுக்கு இன்னும் இரத்தம் குறைவுதான். அவ்வப்போது இரும்புச் சத்து ஊசி ஏற்றிக்கொள்கிறாள். மாத்திரைகள் தொடர்கின்றன. பாயசம் கிடையாது. இதை நிபந்தனை ஜாமீன் என்று நான் சொன்னபோது, குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே, "நிபந்தனையோடனாலும் வெளியதான மாமா இருக்கேன்!" என்றாள்.

உனக்கு மூச்சு வாங்கியபோது ஊர் அதற்கு வேறு பெயர் வைத்தது. உன் மகளின் வலிக்கும் ஒரு பெயர் தயாராக இருந்தது. அவள் ஏற்க மறுத்தாள், அதனால் இருவர் பிழைத்தார்கள். ஆகவே, அக்கா, எந்த விதிவிலக்கும் இல்லாமல் இந்த வாக்குறுதியைத் தருகிறேன். உன் மகளோ, நாளை உன் பேத்தியோ, "வலிக்கி" என்று சொன்னால், இந்த வீட்டில் முதலில் அதை நம்புவோம். காரணத்தைப் பிறகு ஆராய்வோம். வண்டிச் சாவி வாசலருகே மாட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உனக்கு அடுத்துப் பிறந்தவனும், உன் மகளுக்குத் தாய்மாமனும், உன் பேத்தி துப்பிய சோற்றை இன்னும் சட்டையில் சுமப்பவனுமான
தம்பி சங்கரலிங்கம்
தென்காசி