பதினொரு வரி

சிங்கப்பூர், சிராங்கூன் ரோடு,
1908-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாணிக்கம் அண்ணனுக்கு, அச்சுக்கூடத்து ஒலி முகம்மது சலாம் கூறி எழுதிக்கொண்ட கடிதம். ஆண்டவன் கிருபையில் நானும் சம்சாரம் நஃபீசாவும் உடல் நலமாக இருக்கிறோம். நீங்களும் மங்களம் அண்ணியும் மகள் தங்கமும் தைப்பிங் போய்ச் சேர்ந்த செய்தி வரும் என்று இரண்டு வாரமாகத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நீங்கள் விலாசம் சொல்லாமல் போனாலும் அதைக் கண்டுபிடிக்க எனக்குச் சிரமம் இருக்கவில்லை. உங்கள் மைத்துனர் நம் பத்திரிகையின் பழைய சந்தாதாரர். வாராவாரம் அவர் பேரை நானேதானே உறையில் எழுதுகிறேன். கப்பல் ஏறும் அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நம் எழுத்துக் கோக்கிற நூர்தீன் சொல்லி ஓடி வந்தபோது உங்கள் பால் கொட்டகையில் எருமை இல்லை, தொட்டி மட்டும் இருந்தது. இப்போது அந்த இடத்தில் தனசேகரனின் மரப்பலகைகள் அடுக்கியாகிவிட்டது. முனிசிபல் மெம்பர் ஆனவுடன் மனிதருக்கு நிலம் போதவில்லை போலும்.

எங்கள் வீட்டில் இப்போது டின் பால்தான். நஃபீசா அதைத் தேநீரில் கலக்கும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். வாயைத் திறந்து சொல்லிவிட்டால் தேவலை.

அண்ணே, நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியாதது இதில் எதுவும் இல்லை. ஆனாலும் கோர்ட்டில் நிற்கிறவன்போல என் பக்கத்தை ஒருமுறை சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது.

நம் வட்டாரத்தில் நீங்களும் தனசேகரனும் போட்டிக்கு நின்றவுடன் ஊரில் பேசிக்கொண்டது ஒன்றுதான். ஒலி முகம்மதின் பத்திரிகை அவன் உயிர்க் கூட்டாளி மாணிக்கத்துக்குத்தான் கொட்டு அடிக்கும் என்றார்கள். அதனால்தான் இரண்டு பேரையும் அச்சுக்கூடத்துக்கு அழைத்தேன். ஆளுக்கு ஒரு பத்தி. உள்ளே ஒரு சொல்லையும் நான் மாற்றமாட்டேன். ஒருவருக்கு ஒரு வரி கூடினால் மற்றவருக்கும் ஒரு வரி கூட்டுவேன். இப்படிச் சொல்லி, கோத்த எழுத்தைக் கட்டுகிற நூலை எடுத்து ஒரு பத்தியின் நீளத்துக்கு உங்கள் இருவர் முன்னாலும் அறுத்து ஆணியில் மாட்டினேன். இரண்டு பத்தியையும் ஒரே வாரத்தில் போட எழுத்து இல்லை. இருக்கிற ஈய எழுத்தில் ஒன்றைக் கோத்து, அச்சடித்து, கலைத்தால்தான் அடுத்ததைக் கோக்க முடியும். ஆகவே சீட்டுக் குலுக்கினோம். முதல் வாரம் உங்களுக்கு விழுந்தது. முந்திக்கொண்டேன் என்று நீங்கள் சிரித்தீர்கள். இரண்டாவது வாரம்தான் ஓட்டுக்கு முந்திய கடைசிப் பத்திரிகை என்பது அன்றைக்கு நம் இருவருக்கும் உறைக்கவில்லை. தனசேகரனுக்கு உறைத்ததோ என்னவோ.

அவர் பத்தி வந்தது. சாக்கடை, தெரு விளக்கு எல்லாம் மேலே இருந்தது. கடைசியில், சுண்ணாம்புக் கம்பம் குடியிருப்பின் சந்தில் ஐந்து பிள்ளைகள் பேதியில் இறந்ததும், அந்த ஐந்து வீட்டுக்கும் யார் கொட்டகையிலிருந்து பால் போனது என்பதும் ஊர் அறிந்ததே என்று எழுதியிருந்தார். மாற்றமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா என்பதால் வியாழனே பக்கங்களைச் சட்டத்தில் இறுக்கி முடித்துவிடுவோம் என்பது உங்களுக்குத் தெரியும். நூர்தீன்தான் அந்தப் பத்தியைக் கோத்தார். மனசு கேட்காமல் உங்களிடம் ஓடி வந்து சொல்லியிருக்கிறார். நீங்கள் பால் வாசனையோடு அப்படியே வந்து, ஒரு காகிதத்தை நீட்டினீர்கள்.

"தம்பி, பதினோரு வரிதான். எங்கேயாவது ஒரு மூலையில போட்டுடு. ஓட்டுக்காக இல்ல."

நான் ஆணியிலிருந்து நூலை எடுத்து உங்கள் பத்தி வந்த போன வாரப் பத்திரிகையின் மேல் வைத்துக் காட்டினேன். உங்கள் பங்கு முடிந்துவிட்டது, இதைப் போட்டால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்று கேட்டேன். வேறு யாராவது வந்து கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். என் கூட்டாளி என்பதால்தான் மறுத்தேன். இதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று அன்றைக்கு நம்பினேன்.

மழை இங்கே விடவில்லை. தைப்பிங்கில் இன்னும் அதிகம் என்கிறார்கள். அண்ணிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று எழுதவும். தங்கத்துக்குப் பினாங்கில் பேசிய சம்பந்தம் இந்தத் தை மாதத்தில் கைகூடும் என்று நினைக்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஒலி முகம்மது.

*

சிங்கப்பூர்,
மார்ச் 22-ந் தேதி.

அன்புள்ள மாணிக்கம் அண்ணனுக்கு, ஒலி முகம்மதின் சலாம். என் முந்திய கடிதம் கிடைத்திருக்கும். பதில் இல்லை. சுகமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. நல்ல செய்தி என்று எழுதவே கை கூசுகிறது. சந்துக் கிணற்றுத் தண்ணீரைச் சுகாதார டாக்டர் எடுத்துப்போய்ப் பார்த்திருக்கிறார். பேதி வந்தது அந்தக் கிணற்றால்தான், பாலால் அல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கிணற்றை மூடியாகிவிட்டது. அந்த அறிக்கை முழுவதையும் தமிழில் போட்டேன். தனசேகரனின் பத்தி எந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் வந்ததோ அங்கேயே, அதே அளவில்.

ஒருவர்கூட அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை அண்ணே. சனிக்கிழமை முழுவதும் அச்சுக்கூட வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டுக் கடைக்காரர் வந்து, ரங்கூன் அரிசி விலை போடாமல் விட்டுவிட்டாயே என்று குறைப்பட்டுக்கொண்டு போனார். ஐந்து பிள்ளைகள் செத்த அந்தச் சந்துக்கு நானே பத்து பிரதி எடுத்துப் போனேன். ஒரு வீட்டில், இப்போது வந்து என்ன சொல்கிறாய் என்று கேட்டார்கள். வேறொரு வீட்டில், டாக்டர் யாரிடமாவது எதையாவது வாங்கிக்கொண்டு எழுதியிருப்பார் என்றார்கள். பொய் ஒரு வாரத்தில் போன தூரத்தை உண்மையால் போக முடியவில்லை.

தனசேகரன் போன வாரம் கூட்டம் போட்டு எனக்கு மாலை போட்டார். வேட்பாளர் இருவரையும் ஒரே தட்டில் வைத்த பத்திரிகை இந்தத் தீவிலேயே இது ஒன்றுதான் என்று புகழ்ந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்த மாலையைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் வீடு வரை கையில் சுருட்டிக்கொண்டே வந்தேன். நஃபீசா அதை வாங்கி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டாள்.

நூர்தீனுக்கும் எனக்கும் ஒரு சின்ன மனத்தாங்கல். அதைப் பிறகு எழுதுகிறேன். தயவுசெய்து ஒரு கார்டாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒலி முகம்மது.

*

சிங்கப்பூர்,
ஜூன் 14-ந் தேதி.

என் மரியாதைக்குரிய மாணிக்கம் அண்ணனுக்கு, ஒலி முகம்மது எழுதுவது. சலாம்.

துணிக்கடை யாக்கூப் தைப்பிங் போய்வந்தார். உங்களைப் பார்த்ததாகச் சொன்னார். மைத்துனரின் மாட்டுவண்டியை நீங்களே ஓட்டுகிறீர்களாம். நாற்பது எருமை கட்டியிருந்த மனிதர் அடுத்தவர் வண்டியில் மூட்டை ஏற்றுகிறார் என்று அவர் சொல்லும்போது, எழுந்து உள்ளே போய்விட்டேன். பினாங்குச் சம்பந்தம் தட்டிப்போனதையும் அவர்தான் சொன்னார். பிள்ளைகளைக் கொன்ற பால்காரன் வீட்டில் பெண் எடுக்கமாட்டோம் என்றார்களாம். பினாங்கில் அவர்களுக்கு யார் போய்ச் சொன்னது? யாரும் போகவில்லை. பினாங்குக்கும் நம் பத்திரிகை போகிறது. உறையில் விலாசம் எழுதி, தபால் தலை ஒட்டி அனுப்பினவன் நான்தான்.

என்னைப் பற்றி யாக்கூப் உங்களிடம் கேட்டாராம். நீங்கள் திட்டியதாகச் சொல்வார் எனக் காத்திருந்தேன். நீங்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னதை அவர் அப்படியே சொன்னார்.

"அவர் மேல தப்பு இல்லப்பா. அளவு சரியாத்தான் இருந்துச்சு."

அண்ணே, இதைவிட நீங்கள் செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம்.

நூர்தீனோடு மனத்தாங்கல் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அது இதுதான். அன்றைக்கு நீங்கள் காகிதத்தை என்னிடம் நீட்டும் முன்பே அதை வாங்கிப் பார்த்து, நான் சம்மதிப்பேன் என்று நினைத்து, மிச்சம் கிடந்த எழுத்தை எல்லாம் பொறுக்கி அவர் அந்தப் பதினொரு வரியையும் கோத்துவிட்டார். நான் வேண்டாம் என்றதும் அதைக் கலைக்க மனமில்லாமல் நூல் சுற்றிக் கட்டி அலமாரியின் மேல் வைத்தார். ஆணியில் மாட்டியிருந்த அந்த அளவு நூலாலேயே கட்டியிருக்கிறார். ஆறு மாதமாக அது அங்கேயே இருக்கிறது. அதில் மாட்டிக்கொண்ட எழுத்து போதாமல் வாராவாரம் ஏதாவது ஒரு செய்தியைக் குறைக்கிறோம். கலைத்துவிடலாம் என்று நான் ஒருநாள் சொன்னேன். கலைப்பதானால் வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் வந்தார். ஆனால் முன்போல என்னிடம் பேசுவதில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்வதற்குத்தான் இரண்டு கடிதம் சுற்றிச் சுற்றி எழுதினேன்.

அன்றைக்கு நான் உங்கள் காகிதத்தைப் படிக்கவே இல்லை.

வரியை எண்ணினேன். பதினொன்று என்று எண்ணி, மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் மனசு இளகிவிடும், இளகினால் பாரபட்சம் ஆகிவிடும் என்று நினைத்தேன். அந்தப் பக்கத்தின் அடியில் இடமும் இருந்தது அண்ணே. தனசேகரனின் பத்திக்குக் கீழே ஒரு சாண் வெற்றிடம் விழுந்தது. அதில் கொடியும் பூவும் செதுக்கிய கட்டையை வைத்து நிரப்பினேன். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

யாக்கூப் வந்துபோன பிறகுதான் அலமாரியின் மேலிருந்து அதை இறக்கி, தூசி தட்டி, ஈய எழுத்தில் தலைகீழாகப் படித்தேன். ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தனசேகரனைப் பற்றியும் இல்லை. தினமும் விடியற்காலையில் கறந்த பாலில் முதல் டம்ளரை உங்கள் ஒரே மகள் தங்கம் குடித்த பிறகுதான் குடம் கொட்டகையை விட்டு வெளியே போகிறது, பதினாறு வருஷமாக இதுதான் வழக்கம், சந்தேகம் உள்ளவர்கள் நாளைக் காலையில் வந்து பார்க்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஐந்து தாய்மார்களும் முதலில் வரவேண்டும், அவர்கள் கண்முன் தங்கம் குடிப்பாள் என்றும் எழுதியிருந்தீர்கள்.

வந்திருப்பார்கள். அந்த ஐந்து பேரில் ஒருத்தி வந்திருந்தாலும் போதும். நான் சமமாக நடந்துகொண்டேன் என்று இனிமேல் எந்த வாயால் சொல்வேன்? அவருக்குக் குற்றம் சாட்ட ஒரு பத்தி கொடுத்தேன். உங்களுக்குக் குற்றம் என்னவென்றே தெரியாத வாரத்தில் ஒரு பத்தி கொடுத்தேன். இரண்டையும் நூல் வைத்து அளந்தேன். இந்தத் தொழிலில் இனி எனக்கு ஒரு நம்பிக்கையும் இல்லை. பத்திரிகை ஓடுகிறது, அவ்வளவுதான். தொழுகையில் நிற்கும்போதுகூட வரிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பதினொரு வரியை இப்போது போட்டால் யாருக்கு என்ன பயன்? அழைத்த கொட்டகை இல்லை, பால் இல்லை. போடாமல் கலைத்தாலோ, அதற்கு எனக்குக் கை வராது. கேட்காமல் போடவும் எனக்கு உரிமை கிடையாது. போடு என்றோ கலை என்றோ நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டில் எது சொன்னாலும் சரி. அளவு சரியாக இருந்தது என்று மட்டும் இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.

நஃபீசா அண்ணிக்குச் சலாம் சொல்லச் சொன்னாள். தங்கத்துக்கு ஒரு சீட்டிப் பாவாடைத் துணி யாக்கூபிடம் கொடுத்தனுப்புகிறாள். மறுக்காமல் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். தங்கம் இப்போது பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று யாக்கூப் சொன்னார். அது பொய்யாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன். அந்தப் பிள்ளைக்கு ஆண்டவன் நல்ல வாழ்வைக் கொடுப்பான். எனக்குப் பதில் எழுத உங்களுக்கு மனம் வராவிட்டால் போகட்டும். தங்கம் காலையில் பால் குடிக்கிறாளா இல்லையா என்பதை மட்டும் யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி என்று சொல்லிக்கொள்ள இன்னும் ஆசைப்படும்,
ஒலி முகம்மது.