தம்பியின் தண்ணீர் முறை

பாகூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி நவநீதனுக்கு அக்கா வினோதினி எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நீயும், உனக்கு முன்னால் இதைப் படிக்கப்போகும் சிறை அதிகாரியும் நலமாக இருக்க வேண்டும்.

விடுதலையானதும் ஊர்ப்பக்கம் வராமல் நேரே பெங்களூர் போகிறேன் என்கிறாய். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறாய்: அறிவு குறைந்தவர்களே வன்முறையில் இறங்குவதாகப் புத்தகத்தில் போட்டிருக்கிறதே, எம்.எஸ்சி.யில் பதக்கம் வாங்கிய நான் எதில் சேர்த்தி? கல்லூரியில் இத்தனை வருடம் உளவியல் நடத்திய தைரியத்தில் சொல்கிறேன். அந்த ஆய்வுகள் பேசுவது சராசரியை. சராசரி யாரையும் மண்வெட்டியால் அடிப்பதில்லை. செல்லப்பனை அடித்தது நீ.

அவன் மனைவி தனக்கொடியின் விளக்கம் வேறு. “ஒந்தம்பிக்கு மூள ஜாஸ்தி டீச்சர், கொஞ்சம் கைக்கு எறங்கிடுச்சி” என்கிறாள். செல்லப்பனோ டீக்கடையில் அடிபட்ட கையைக் காட்டிக் கதை சொல்கிறான். ஒவ்வொரு தடவையும் மண்வெட்டி ஒரு சாண் நீளுகிறது. பத்தாவதில் தவறியவனுக்குக் கற்பனையில் குறைவில்லை.

போன வாரம் நம் நிலத்துக்கு ஏரித் தண்ணீர் முறை. மடையில் நம் வீட்டு ஆள் நிற்காவிட்டால் தண்ணீர் அடுத்த நிலத்துக்குப் போய்விடும். அடுத்த நிலம் செல்லப்பனுடையது. அன்று பார்த்து என் பஸ் கரிக்கலாம்பாக்கத்தில் பழுதாகி நின்றுவிட்டது. தண்ணீர் அவன் நிலத்துக்குப் போயிருக்கும் என்றுதான் நடந்தேன். நம் வயல் நிறைந்திருந்தது. நம் மடையில் செல்லப்பன் நின்றிருந்தான்.

ஏன் என்று கேட்டேன். “தண்ணி வுடற ஆளுகிட்ட உங்க வூட்டு ஆளுன்னு சொல்லிட்டேங்க்கா, காட்டிக் குடுத்துடாத” என்றான். பிறகு வாய்க்காலைப் பார்த்தபடி, “அன்னிக்கும் முறை அவன்துதான். நான்தான் வீம்புக்கு நின்னேன். சொல்றதுக்குள்ள போட்டுட்டான்” என்றான்.

ஆக, உன் கணக்கு சரி. சரியாக இருந்ததால்தான் கையை ஓங்கலாம் என்று உன் மூளை உனக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. எனக்குத் தெரிந்த உளவியல் இவ்வளவுதான். நீ கேட்ட அறிவுத்திறன் சோதனை எதுவும் அனுப்ப மாட்டேன்.

விடுதலை நாளன்று வாசலில் இருப்பேன். கார் ஓட்டிவரப்போவது செல்லப்பன். வேண்டாம் என்றேன், சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டான். அவனைப் பார்த்ததும் முறை யாருடையது என்று ஆரம்பித்துவிடாதே. எதையும் விளக்காதே. அவன் இடது கை இன்னும் முழுக்க நீளவில்லை. அதைப் பிடித்துக்கொள். மெதுவாகப் பிடி.

நல்லபடியாக வா தம்பி.

உன் அக்கா,
வினோதினி