ஒரு நாள் இரவல் வண்டி

ஆகஸ்ட் 19, 2025 – செவ்வாய்

ஆவணி பிறந்ததும் கடையில் கூட்டம். சீர்ப் பாத்திரம் எடுக்க வந்த பாளையம்பட்டிக் குடும்பம் ஒன்று மதியம் வரை உட்கார்ந்து எல்லா அண்டாவையும் தட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு குத்துவிளக்கோடு எழுந்து போனது. அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்த எரிச்சலில் இருந்தபோது சகாபுதீன் அண்ணனிடமிருந்து போன்.

"தங்கச்சி, மண்டலத் தலைவர் அடுத்த மாசம் வரலையாம். இந்த ஞாயித்துக்கெழமையே வாராராம்."

எங்கள் வைகறைச் சேவைச் சங்கத்துக்கு அண்ணன்தான் இந்த வருடத் தலைவர். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நான் செயலாளர். இந்தப் பொறுப்புக்கு ஒரு பெண் வருவது இதுவே முதல் தடவை. "பாத்திரக்கடை சுபத்ராவுக்கு மீட்டிங் நடத்தத் தெரியுமா" என்று சிரித்தவர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்காருவார்கள்.

வீரசோழன் கிராமத்து நசீமாவுக்குக் கொடுக்கவேண்டிய, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி இன்னும் மதுரைப் பட்டறையில் எலும்புக்கூடாக நிற்கிறது. மேடையில் கொடுக்க வேறு என்ன இருக்கிறது? நாலு சேலை, ஒரு மரக்கன்று.

ஆகஸ்ட் 20

யோசனை அண்ணனுடையதா என்னுடையதா? எழுதும்போதாவது பொய் சொல்லக்கூடாது. அவர் "போன வருசம் குடுத்த வண்டி நல்லாத்தான ஓடுது?" என்றார். "அப்ப அத ஒரு நாளைக்கு வாங்கிட்டு வந்துரலாம்ண்ணே" என்று சொன்னது நான்தான்.

புதிதாக ஒன்றும் இல்லை. தையல் மிஷின் வர நேரமானால் பக்கத்துத் தையல் கடையிலிருந்து ஒன்றைத் தூக்கிவந்து படம் எடுப்போம், பிறகு உண்மையான மிஷின் வீடு போய்ச் சேரும். "போட்டோவுக்கு ஒண்ணு" என்று சங்கத்தில் அதற்குப் பெயரே உண்டு. யாரும் கெட்டுப்போனதில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எம்.ரெட்டியபட்டிக்குக் குட்டியானை லோடு வண்டியில் போனோம். போன வருடம் எங்களிடம் வண்டி வாங்கிய குருவம்மாள் கண்மாய்க் கரையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கண்மாயில் நூறு நாள் வேலை நடக்கிறது. காலையில் வண்டியில் டீ, மொச்சைச் சுண்டல் எல்லாம் வைத்துக்கொண்டு கையால் சுற்றியே போய் விற்றுவருகிறாள். சிறு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பியவள். தன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

விஷயத்தைச் சொன்னதும் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"திங்கக்கெழம காலைல வேலைக்கு முன்னாடி வந்துரும்ல, கடைக்காரம்மா?"

"கண்டிப்பா வந்துரும்."

"இல்ல, கேட்டேன். இந்த வண்டி வந்த பெறகுதான் எங்க மதினி என்னைய ஒரு சொல்லுச் சொல்றதில்ல."

அவளே ஈரத்துணியால் இருக்கையைத் துடைத்துக் கொடுத்தாள். கொடுத்தவர்கள் கேட்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வாள்? இப்போது எழுதும்போதுதான் அது உறைக்கிறது. "நல்ல பிள்ளை, முகம் சுளிக்காமல் கொடுத்தாள்" என்று வழியெல்லாம் அண்ணனிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பிளாஸ்க் வைக்க இருக்கைக்குப் பின்னால் அவள் அண்ணன் ஒரு இரும்பு வளையம் பற்றவைத்திருந்தார். படத்தில் அசிங்கமாக இருக்கும் என்று அதைச் சகாபுதீன் அண்ணன் கடையில் அறுத்து எடுத்தார்கள். பெயிண்ட் அடித்தார்கள். "வைகறைச் சேவைச் சங்கம் அன்பளிப்பு" என்பது ஏற்கெனவே இருந்தது. வருடத்தை மட்டும்தான் மாற்றவேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எப்படி எழுதுவது?

நிகழ்ச்சி நன்றாகத்தான் நடந்தது. என் வரவேற்புரையில் ஒரு திக்கல்கூட இல்லை. நசீமாவையும் அவள் அம்மா மீரான் பீவியையும் காரில் அழைத்துவந்திருந்தோம். பிளஸ் டூ முடித்த வருடம் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்ட பெண். "இது படத்துக்கு மட்டும்மா, உன் வண்டி பின்னாடி வரும்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். சரிக்கா என்றாள்.

மண்டலத் தலைவர் அவளை வண்டியில் உட்காரவைத்தார். அவள் கைப்பிடியைப் பிடித்து மெல்லச் சுற்றினாள். வண்டி மேடையில் ஒரு முழம் நகர்ந்தது. மீரான் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அதைப் பார்த்த மண்டலத் தலைவருக்கும் கண் கலங்கிவிட்டது. மைக்கை வாங்கி, "இந்தப் பொண்ணு இந்த வண்டியிலதான் இன்னைக்கு வீட்டுக்குள்ள போகணும். என்னோட வேன்லயே ஏத்தி அனுப்புறேன்" என்றுவிட்டார்.

நசீமா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேட்பதுபோல. எடுத்துக்கலாமாக்கா என்று.

நான் கைதட்டினேன். என்னைப் பார்த்து எல்லாரும் தட்டினார்கள்.

பந்தியில் பிரியாணி நன்றாக இருந்தது என்றார்கள். நான் வெங்காயப் பச்சடியைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 25

காலையிலிருந்து குருவம்மாள் போன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 27, பிள்ளையார் சதுர்த்தி

எடுத்தேன். "பிரேக் தேஞ்சிருக்குன்னு மெக்கானிக் சொன்னாக குருவம்மா, மாத்திட்டுக் கொண்டாரோம்" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பொய்? வாய் திறந்தது, தானாக விழுந்தது.

"சரிம்மா, பாத்துச் செய்யுங்க" என்றாள்.

கொழுக்கட்டை அவித்துக்கொண்டே வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாரிக்கண்ணன் என்கிற என் புருசர் வாயைத் திறப்பதே அபூர்வம். திறந்தால் இப்படித்தான்: "தானமாக் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாக. நீங்க மாட்டையே அவுத்துட்டு வந்துட்டீகளே."

கொழுக்கட்டை எல்லாம் வாய் பிளந்துவிட்டது.

செப்டம்பர் 1

பட்டறைக்காரர் ஊரில் கோயில் கொடைக்குப் போயிருக்கிறாராம். செயினும் வரவில்லையாம். "இன்னும் கொஞ்ச நாள்மா." சகாபுதீன் அண்ணன், "புதுசு வந்ததும் அதக் கொண்டுபோய் ரெட்டியபட்டியில எறக்கிருவோம். அது வரைக்கும் பேசாம இரு தங்கச்சி. சங்கம் பேரு கெட்டுரும்" என்கிறார்.

மண்டலத் தலைவர் அந்தப் படத்தை எல்லாச் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருக்கிறார். யார் யாரோ கைதட்டும் கை, பூங்கொத்து எல்லாம் அனுப்புகிறார்கள். நானும் கும்பிட்ட கை அனுப்பினேன். வெட்கங்கெட்ட கை.

செப்டம்பர் 4, வியாழன்

வீரசோழனுக்குப் பஸ் ஏறினேன். உண்மையைச் சொல்லிவிட்டு வண்டியை வாங்கி வந்துவிடுவது என்ற முடிவோடு போனேன். புதிதாக வருவதை நசீமாவுக்குக் கொடுத்துவிடலாம். நியாயந்தானே? இவளுக்கு வேலைவெட்டி இல்லை, அவளுக்குப் பிழைப்பு. பஸ் திருச்சுழி தாண்டும்வரை இப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மீரான் பீவி டீயும் பிஸ்கட்டும் வைத்தார்கள். "புள்ள இல்லம்மா, வெளிய போயிருக்கு" என்றார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் முகம் இருந்ததே! அந்த வீட்டில் இந்த வாக்கியத்தைச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்றோ.

தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள். வேர்த்து விறுவிறுத்து, முக்காடு தோளில் விழுந்து, பின்னால் பொடிசுகள் ஓடிவர. "அக்கா! கடைத்தெரு வரைக்கும் நானாப் போயிட்டு வந்தேன்" என்றாள். பிறகு, "பின்னாடி ஏதோ அறுத்த மாதிரி நீட்டிக்கிட்டிருக்குக்கா. துணியக் கிழிக்குது" என்றாள்.

அந்த வளையம் இருந்த இடம்.

"அரத்தால ராவித் தரச் சொல்றேன்" என்றேன். அதைத்தான் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். பிஸ்கட்டை வேறு தின்றுவிட்டு.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று ரெட்டியபட்டி போனேன். தனியாக, ஸ்கூட்டியில்.

குருவம்மாள் வாசலில் உட்கார்ந்து வெடித்த பருத்திக் காயிலிருந்து பஞ்சு பிரித்துக்கொண்டிருந்தாள். மதினிக்காரி உள்ளேயிருந்து, "வந்துட்டாக, வண்டி குடுத்த மகராசி" என்று பானையிடம் பேசினாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பிரேக் என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"அந்தப் புள்ள உக்காந்திருக்குற போட்டோ நீங்க போன் எடுக்காத அன்னைக்கே எங்க தெருவுக்கு வந்துருச்சு. என் வண்டி எனக்குத் தெரியாதா? பெயிண்ட் அடிச்சாத் தெரியாமப் போயிருமா?"

"பெறகு ஏன் நான் பிரேக்குன்னு சொன்னப்ப..."

"என்னத்தச் சொல்ல? நீங்க குடுத்த வண்டி. நீங்க எடுத்துட்டீக. கடைக்காரம்மா ஒரு பொய் சொல்றாக, அத நான் பொய்யிங்கணுமா? நாளைக்கு உங்ககிட்டதான நான் நிக்கணும்."

இதற்கு அவள் என்னை அடித்திருக்கலாம்.

நசீமாவிடமிருந்து வாங்கி வந்துவிடட்டுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "எனக்குச் செஞ்சத அந்தப் புள்ளைக்கும் செய்யணுமா? எனக்குப் புதுசு குடுங்க. கண்மாய்க்கு வேற ஒருத்தன் எக்செல் வண்டியில டீ கொண்டாந்துட்டான், தெரியுமா? புதுசு வார வரைக்கும் என் யாவாரத்துக்கு என்ன செய்யப் போறீக, அதச் சொல்லுங்க."

வாயில் வந்தது ஒன்றுதான்: "கண்மாய்க்குத் தெனமும் ஸ்கூட்டியில கூட்டிட்டுப் போக நான் வாரேன்."

செப்டம்பர் 9

பிளாஸ்க்கை ஸ்கூட்டியில் முன்னால் வைத்து, குருவம்மாளைத் தூக்கிப் பின்னால் உட்காரவைத்து, கண்மாய்க் கரைக்கு. அவள் என் இடுப்பைப் பிடிக்கவில்லை, வண்டியின் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டாள்.

எக்செல்காரன் முன்பே வந்துவிட்டான். பாதிப் பேர் அவனிடம். பழைய ஆட்கள் சிலர் எங்களிடம் வந்தார்கள். நான் டீ ஊற்றினேன். "ஏலே, சங்கத்துக்காரம்மா டீ ஊத்துறாகடா! எங்கம்மா போட்டோக்காரரு?" என்று ஒருத்தர் கேட்டார். கண்மாயே சிரித்தது. குருவம்மாளும் சிரித்தாள். பாவி, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்கூட்டியில் திரும்பும்போதுதான் அழுதேன்.

செப்டம்பர் 12

தினமும் கடையை விட்டுவிட்டுப் போவதற்கு வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார். ஆனால் ஸ்கூட்டிக்குக் காற்றடித்து வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சங்கக் கூட்டம். மண்டல மாநாட்டில் சிறந்த சேவைக்கான விருது எங்களுக்குத்தான் என்று கடிதம் வந்திருந்தது. அந்தப் படத்துக்காக. எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்து, அந்த விருதை வாங்கக்கூடாது என்றேன். ஏன் என்றும் சொன்னேன்.

அரிசி மண்டி சண்முகவேல் அண்ணன், "ஊருக்குள்ள எல்லாரும் செய்யிறதுதானம்மா. வெளிய சொல்லித்தான் ஆகணுமா?" என்றார். யாரோ, "அதுக்குத்தான் பொம்பளைகிட்டப் பொறுப்பு..." என்று பாதியில் நிறுத்தினார்கள். நிறுத்திய மிச்சமும் எனக்குக் கேட்டுவிட்டது.

சகாபுதீன் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தபடி, "தங்கச்சி மட்டும் செஞ்சதில்ல, நானுந்தான்" என்றார். விருது வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவதுதான் எங்கள் வழக்கம். ஒருத்தர் இலையில் இருப்பதை இன்னொருத்தர் எடுத்துத் தின்போம். இன்று என் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. குறையொன்றும் சொல்ல முடியாது. வலிக்கிறது, அவ்வளவுதான்.

செப்டம்பர் 20

அண்ணன் மதுரைப் பட்டறையிலேயே போய் உட்கார்ந்திருக்கிறாராம். செயின் அவரே வாங்கிக் கொடுத்தாராம். எனக்குப் போன் செய்து சொல்லவில்லை. அவர் கடைப் பையன் சொன்னான்.

செப்டம்பர் 26, வெள்ளி

வண்டி வந்துவிட்டது.

பேனர் இல்லை, சால்வை இல்லை, போட்டோக்காரர் இல்லை. அண்ணனும் நானும் மட்டும் குட்டியானையில் கொண்டுபோனோம். திருப்பத்தில் அவர் ஒரு கடையோரம் வண்டியை நிறுத்தி இரண்டு இளநீர் வாங்கி ஒன்றை என்னிடம் நீட்டினார். குடித்தேன். ஒரு படம்கூட எடுக்காமல் கொடுத்துவிட்டு வருவது என்று நான் வைராக்கியமாக இருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

கண்மாய் வேலை போன வாரத்தோடு முடிந்துவிட்டது. இனி பஸ் ஸ்டாப்பில்தான் விற்கவேண்டும் என்றாள் குருவம்மாள். நான் பற்றவைத்துத் தரச் சொன்ன பிளாஸ்க் வளையத்தை ஆட்டிப் பார்த்தாள். பிரேக்கைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்துகொண்டு, "போட்டோ எடுக்கலையா?" என்றாள்.

"வேண்டாம் குருவம்மா. இனிமே அதெல்லாம் இல்ல."

"உங்களுக்கு வேணாம். எனக்கு வேணும்ல?" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் குடுக்குற மாதிரி நில்லுங்க. நாளைக்குச் சங்கத்துல வேற ஆளு வருவாக, ஒரு நாளைக்குக் குடும்மான்னு கேப்பாக. இது எனக்கே குடுத்ததுன்னு காட்டணும்ல."

அவள் அண்ணன் மகன் அவள் போனை வாங்கிக்கொண்டு எதிரே போய் நின்றான். நான் ஒரு பக்கமும் சகாபுதீன் அண்ணன் மறுபக்கமுமாக, எத்தனையோ மேடையில் நின்றதுபோல வண்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றோம். அவன் எடுத்தான். அவள் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். வண்டியும் எங்கள் இரண்டு பேர் முகமும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். விழுந்திருந்தது.

நான் இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

"அதான் எடுத்தாச்சுல்ல" என்றாள் குருவம்மாள். "கைய எடுங்க. பஸ்ஸு வார நேரம், நான் போகணும்."

எடுத்தேன். போனாள்.