மாடியில் மெஷினை ஓட்டிக் காட்டினேன்

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை, வாய்க்கு மட்டும் ஓய்வே இல்லை. வீடு கிடைத்துவிட்டது. வாடகைக்குத்தான். நீ முகம் சுளிப்பது இங்கே தெரிகிறது, முழுக்கப் படித்துவிட்டுச் சுளி.

வீட்டுக்காரர் தன் மகன் திரும்பி வருகிறான் என்று காலி செய்யச் சொன்னதும், கடன் போட்டு ஃபிளாட் வாங்கித் தருகிறேன் என்று நீ போனில் சொன்னாயே, அன்றைக்கு அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டினேன், இனிமேலாவது சொந்த வீட்டுல படுக்கணும் என்று ஆரம்பித்துவிட்டார். நீ சொன்ன ஃபிளாட்டைப் போய்ப் பார்த்தோம். பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் ஊருக்கு வெளியே, ஐந்தாவது மாடி. மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் என்னிடம் தைக்கத் துணியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் அங்கே லிஃப்ட் ஏறியா வருவார்கள்? அதைவிட, கடன் தீருகிறவரை நீ அந்தப் பிடிக்காத வேலையிலேயே கிடக்க வேண்டும், மேலே படிக்கிற ஆசையை மூட்டை கட்டி வைக்க வேண்டும். எனக்கு மனசு ஒப்பவில்லை. நானே ஒரு வீட்டு புரோக்கரிடம் போனேன். அந்தம்மா கையில் எப்போதும் சாவிக்கொத்து குலுங்கும், அப்பா அவருக்குச் சலங்கை என்று பேர் வைத்துவிட்டார்.

முதலில் காட்டிய இரண்டு வீட்டிலும் தையல் மெஷின் என்றதுமே, சத்தம் ஆகாதும்மா என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்றாவது வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால், மாடி. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ். அவரும் தயங்கினார். நம் சலங்கை விடவில்லை. கேக்காமலே வேணாம்னா எப்படிக்கா, ஓட்டிக் காட்டுறோம், கேட்டுட்டுச் சொல்லுங்க என்றார். மறுநாளே மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். தூக்கி வந்த ஆளைவிட, சும்மா கூட வந்த அப்பாவுக்குத்தான் மூச்சு வாங்கியது. மெஷின் காலுக்கடியில் தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டு ஒரு திரைச்சீலையை முழு வேகத்தில் தைத்தேன். இந்தம்மாவும் முடியாது என்றால் உன் தலையில் கடன் விழுமே என்ற நினைப்பில் தையல் கோணலாகப் போனது. கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. என்னவென்று பார்க்க அப்பா இறங்கிப் போனால், அந்தம்மா நாற்காலியிலேயே நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார்! எழுப்பியதும், எப்ப ஆரம்பிக்கப் போறீங்க என்று கேட்டாராம்.

மெஷின் வைத்துக்கொள்ளலாம், காலி செய்யச் சொல்வதானால் மூன்று மாதம் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று சலங்கை ஒப்பந்தத்திலேயே எழுத வைத்துவிட்டார். கையெழுத்துப் போடும்போது அப்பா பேனாவை என் பக்கம் தள்ளி, நீ புடிச்ச வீடு, நீயே போடு என்றார். போட்டேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும். நாளைக்கு இந்தம்மாவும் காலி பண்ணச் சொன்னா என்ன செய்வ என்று நீ கேட்பாய். சொல்லட்டும். வீடு பார்க்க எனக்கு இப்போது தெரியும்.

நீ நினைத்ததெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். வங்கிக்குப் போன் போட்டுக் கடன் வேண்டாமென்று சொல்லிவிடு, அதே கையோடு படிப்புக்கும் விண்ணப்பம் போடு, தள்ளிப்போடாதே.

இப்படிக்கு,
புது வீட்டு மாடியிலிருந்து
உன் அம்மா