கரடி பந்தைக் கொடுக்கும் பக்கம்

என்னங்க, சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

சாயந்திரம் உங்கள் தங்கை வந்து கண்ணைக் கசக்குவாள். பள்ளியில் நடந்தது இதுதான். பகிர்ந்து விளையாடச் சொல்லித்தரும் படக்கதைப் புத்தகம் என் வகுப்புக்குத்தான் முதலில் என்று நானும், தன் வகுப்புக்குத்தான் என்று அவளும் இழுத்ததில் நடுவே கிழிந்துவிட்டது. குழந்தைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

கரடி அணிலுக்குப் பந்தைக் கொடுக்கும் பாதி அவளிடம் போய்விட்டது. என்னிடம் இருப்பதில் இரண்டும் பந்துக்காகச் சண்டை போட்டுக் கட்டிப் புரள்கின்றன. அதைத்தான் வகுப்பில் வாசித்தேன். என் பிள்ளைகள் எதையும் இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டதில்லை.

அவளுக்குத் தேநீர் கொடுத்து, அந்தப் பாதியை வாங்கி வையுங்கள்.

பி.கு.: "அண்ணி மன்னிப்பு கேட்டாத்தான் தருவேன்" என்பாள். கேட்டுவிட்டேன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லும்போது முகத்தைக் கொஞ்சம் வருத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.