ஒரு சொட்டும் ஒழுகவில்லை

மச்சான்,

புது எண்ணெய் பில்டர் பெட்டியைப் பிரித்ததும் அந்த ரப்பர் வாடை வந்தது. உள்ளே காகித மடிப்பால் ஆன உருளை, கூடவே ஒரு சின்னப் பையில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் கறுப்பு வளையம். மற்றவர்களுக்கு அது ஒரு வாடையே இல்லை. எனக்கு அது அந்த ஞாயிற்றின் வாடை. பெட்டியை உன் வீட்டுக் கார் போர்ச்சின் சுவர்மேல் வைத்தேன்.

உன் மனைவிதான் கூப்பிட்டாள். "அண்ணே, எட்டு மாசமா அவரு காடிய அதே எண்ணெயிலதான் வேலைக்கு ஓட்டிக்கிட்டுப் போறேன். பட்டறைக்குக் கொண்டு போக மனசு வரல. நீங்களே மாத்திக் குடுங்கலா" என்றாள். முடியாது என்று எந்த வாயால் சொல்வேன்? இரண்டு வீடு தள்ளி இருந்துகொண்டே உன் வாசலைப் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தேன். இன்றைக்கு வசமாக மாட்டிக்கொண்டேன்.

இந்தச் சுங்கைப் பட்டாணியில் எத்தனையோ பட்டறை இருக்க, நாம் இரண்டு பேரும்தான் நம் காடிகளை நாமே பார்த்துக்கொண்டோம். அதிலும் உன் சட்டம் ஒன்று உண்டு. இரண்டு காடிக்கும் ஒரே நாள். "ஒரு தடவ அழுக்காவோம், ஒரு தடவ குளிப்போம், வேலை முடிஞ்சிச்சிலா" என்பாய். முன்சக்கரங்களைக் கட்டைமேல் ஏற்றி, இரண்டிலும் எண்ணெயை இறக்கிவிட்டு, கடைசிச் சொட்டு வடியும்வரை ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவசரப்பட்டால் உனக்குப் பிடிக்காது. பத்து வருடம் இப்படித்தான் செய்தோம். ஒரு காடியாவது ஓடுகிற நிலையில் நிற்கட்டும் என்று இரண்டு முட்டாள்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

எட்டு மாதத்துக்கு முன் அன்றைக்கு ஞாயிறு, கோயில் திருவிழா. நம் வீட்டு வரிசை முழுக்கக் காலி. நம் வீட்டுப் பெண்களும் விடியும்போதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். இரண்டு காடியும் எண்ணெய் இல்லாமல் நின்றன, பில்டர் மூடிகள் கழன்று பழைய செய்தித்தாளில் கிடந்தன. நீ பெயிண்டு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து நெஞ்சைத் தடவினாய்.

"காத்துலா மச்சான். நேத்து கடலை தின்னது."

உன் பனியன் முதுகில் ஒட்டிப்போயிருந்தது. ஆம்புலன்சைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "டேய், அவன் சத்தம் போட்டுக்கிட்டு வருவான், இந்தத் தாமான் வீடெல்லாம் வந்து வேடிக்கை பாக்கும். நீ மூடியப் போடு, நாமளே ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்" என்றாய். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. நீ சொன்னால் சரியாக இருக்கும் என்று உன் காடியின் மூடியைக் கையில் எடுத்தேன். பாவி நான்!

பழைய பில்டரையே திரும்பச் செருகி, எண்ணெயை ஊற்றிக்கொண்டு ஓடியிருக்கலாம். அது இன்னும் ஆயிரம் மைல் தாங்கியிருக்கும். அது என் புத்திக்கு எட்டவே இல்லை. மூடியின் பள்ளத்தில் பழைய வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. இரும்பால் நெம்பினால் பிளாஸ்டிக் கீறிவிடும் என்று நீ எப்போதும் ஈர்க்குச்சியால்தான் எடுப்பாய். அதனால் நான் வீட்டின் பின்பக்கம் போய் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு வந்தேன். நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் ஈர்க்குச்சி தேடிப் போனேன்!

வளையத்தை எடுத்தேன். பள்ளத்தைத் துணியால் துடைத்தேன். புது வளையத்துக்கு விரலால் எண்ணெய் தடவி, முறுக்கு விழாமல் உட்கார வைத்தேன். மூடியை அளவாக இறுக்கினேன். நீ அங்கிருந்தே பார்த்து, "மெதுவா, உடைஞ்சிரும்" என்றாய். என்னிடம் நீ கடைசியாகப் பேசியது அதுதான். எண்ணெயை ஊற்றி, அளவுக் கம்பியை இரண்டு தரம் துடைத்துப் பார்த்து, உன் காடியைக் கட்டையிலிருந்து இறக்கி உன்னை ஏற்றியபோது உன்னால் கதவைக்கூடச் சாத்த முடியவில்லை. இரண்டாவது சிக்னலில் உன் தலை கண்ணாடியில் சாய்ந்தது. கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை.

டாக்டர், வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். இப்போதுதான் என்றேன். கோயிலிலிருந்து ஓடிவந்த உன் மனைவியிடமும் அதையே சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க இருந்தீங்களேண்ணே, அவரு தனியா இல்லையே" என்றாள். எட்டு மாதமாக எந்த வீட்டுச் சாப்பாட்டுக்குப் போனாலும் யாராவது அதையே சொல்ல, அந்தச் சொல் என் தட்டில் வந்து விழுகிறது.

இன்று மூடியைக் கழற்றுமுன் விளக்கைப் பிடித்துச் சுற்றிலும் பார்த்தேன். கசிந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். எங்காவது ஒரு கறை இருந்தால், அன்றைக்கு என் கை பதறியது, நான் பதறினேன் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? விரலால் தடவிப் பார்த்தேன். காய்ந்த தூசிதான் ஒட்டியது.

அவள் தேநீரோடு வந்து எட்டிப்பார்த்தாள். "எண்ணெ ஒழுகியிருக்காண்ணே?"

"இல்லம்மா. ஒரு சொட்டும் ஒழுகல."

"அவ்வளவு அவசரத்துலயும் எவ்வளவு கவனமாப் போட்டிருக்கீங்க" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை மச்சான். "நான் அவசரப்படலம்மா" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். போனை, ஈர்க்குச்சியை, டாக்டரிடம் சொன்ன பொய்யை. நீ ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றதை மட்டும் சொல்லவில்லை. அது உன்மேல் பழி போடுவதாகிவிடும். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எவ்வளவு நேரம்ணே?"

"முக்கால் மணி நேரம் இருக்கும்."

தேநீரைச் சுவர்மேல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அப்படியே எழுந்து போயிருப்பேன். ஆனால் நாளைக் காலையில் அவள் வேலைக்குப் போக வேண்டுமே. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவினேன். பழைய வளையத்தை எடுத்தேன், பள்ளத்தைத் துடைத்தேன், புதியதற்கு எண்ணெய் தடவினேன், மெதுவாக இறுக்கினேன். அதே நிதானம், அதே அளவு. வேறு மாதிரி செய்ய இந்தக் கைக்குத் தெரியவில்லை மச்சான்.